அறிக்கை எழுதியவர்களும் இரத்தம் குடித்தவர்களும்

எக்ஸ் ஃபைல்ஸ் தொடரின் ஐந்தாவது சீசனில் ‘பாட் பிளட்’ என்று ஒரு எபிசோட் இருக்கு. 1998 பெப்ரவரி 22 அன்று அமெரிக்காவில் ஒளிபரப்பானது. முதல் காட்சியில் இரவுநேரக் காட்டுக்குள் ஒரு பெடியன் அலறிக்கொண்டு ஓடுகிறான். எஃப்.பி.ஐ. முகவர் மல்டர் துரத்திப் பிடித்து அவன் நெஞ்சில் கூரான மரக்கட்டையை அடித்து இறக்குகிறார். பின்னால் மூச்சிரைக்க வந்து சேரும் ஸ்கலி குனிந்து பெடியனின் கோரைப்பல்லைப் பிடித்து இழுக்க, அது கையோடு வருது. கடையில் வாங்கிய பொய்ப்பல்லு.

அடுத்தநாள் இருவரும் அலுவலகத்தில் இருக்கிறார்கள். செத்த பெடியனின் பெயர் ரொனி ஸ்ட்ரிக்லண்ட். டெக்சாஸ் மாநிலத்தில் சேனி என்ற சின்ன ஊரில் வீடு வீடாக பீட்சா கொண்டுபோய்க் கொடுக்கிறவன். அவனுடைய குடும்பம் 446 மில்லியன் டொலர் கேட்டு எஃப்.பி.ஐ. மீது வழக்குப் போடுகிறது. மேலதிகாரி ஸ்கின்னருக்கு அறிக்கை கொடுக்க நேரம் நெருங்குது. ‘நீ என்ன சொல்லப்போறாய்? நான் என்ன சொல்லுறது?’ எண்டு இரண்டுபேரும் தங்கள் தங்கள் கதையை ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். எபிசோடின் பெரும்பகுதி இதுதான். ஸ்கலியின் கதையில் ஊர் ஷெரிஃப் நல்ல வடிவான ஆள். மல்டரின் கதையில் அதே ஷெரிஃபுக்கு மிதப்புப் பல்லு. ஸ்கலியின் கதையில் மல்டர் ஆர்ப்பாட்டக்காரன், சொல்வழி கேளாதவன். மல்டரின் கதையில் அவர் பூனை மாதிரிச் சாது, ஸ்கலிதான் எரிந்து விழுகிறாள்.

இதை எழுதியவர் பிற்பாடு ‘பிறேக்கிங் பாட்’ தொடரை உருவாக்கிய வின்ஸ் கில்லிகன். எபிசோடைப் பற்றிப் பேசுகிறவர்கள் உடனே குரோசாவாவின் ‘ரஷோமோன்’ படத்துக்குப் போய்விடுவார்கள். ஒரே சம்பவம், வேறு வேறு வாய்கள். சரிதான். ஆனால் எனக்கு இதில் முக்கியமாகப் படுவது ஸ்கின்னருக்குக் கொடுக்கவேண்டிய அந்த அறிக்கை. ஒரு பிணத்தின் நெஞ்சில் கட்டை இறக்கிவிட்டு அதை அரசாங்கத் தாளில் எப்படி எழுதுவது என்ற சங்கடம் 1998 இல் தொடங்கியதில்லை. அதற்கு அப்போதே 273 வயது. வம்பயர் என்ற சொல் ஐரோப்பா முழுக்கப் பரவியதே அப்படியான அறிக்கைகளால்தான்.

(சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழில் டப்பிங் படக்காரர்கள் ‘இரத்தக் காட்டேரி’ என்று போடுவார்கள். நம்முடைய காட்டேரிக்குப் படையல் வைக்கிற வீடுகள் இருக்கின்றன. அவளும் இவர்களும் ஒரே இனம் கிடையாது. ஆகவே வம்பயர் என்றே எழுதுகிறேன்.)

1718 இல் ஹப்ஸ்பேர்க் பேரரசுக்கும் ஒட்டோமன் பேரரசுக்கும் இடையில் ஓர் உடன்படிக்கை கைச்சாத்தானது. வட சேர்பியா வியன்னாவின் கைக்கு வந்தது. 1739 வரை, அதாவது இருபத்தொரு வருடம், அது ஒஸ்திரிய ஆட்சியில் இருந்தது. ஜெர்மன் மொழியில் எழுதுகிற அதிகாரிகளும் இராணுவ வைத்தியர்களும் முதல்முறையாக சேர்பியக் கிராமங்களுக்குள் வந்து உட்கார்ந்தார்கள். அந்த ஊர்களில் செத்தவர் திரும்பி வருவது பற்றிய பேச்சு எத்தனையோ காலமாக இருந்ததுதான். அதைத் தாளில் எழுதி மேலிடத்துக்கு அனுப்பும் ஆட்கள்தான் புதிது.

1725 இல் கிசில்யெவோ என்ற கிராமத்தில் பெற்றார் பிளகோயெவிச் என்பவர் செத்தார். அதன்பிறகு எட்டு நாட்களுக்குள் ஒன்பது பேர் செத்தார்கள். சாகுமுன் அவர்கள், பெற்றார் இரவில் வந்து தங்கள்மேல் ஏறிக் கழுத்தை நெரித்ததாகச் சொன்னார்களாம். ஊர்ச்சனம் ஃப்ரோம்பால்ட் என்ற அதிகாரியிடம் போய், குழியைத் தோண்டவேண்டும், நீயும் வந்து பார் என்றது. அவர் பெல்கிறேட்டின் அனுமதி வரட்டும் என்று இழுத்துப் பார்த்தார். அதற்குள் ஊரே அழிந்துவிடும், அனுமதி தராவிட்டால் கிராமத்தை விட்டுப் போய்விடுவோம் என்றது சனம். போனார். தோண்டினார்கள். உடல் அழுகவில்லை, முடியும் நகமும் வளர்ந்திருந்தன, வாயில் இரத்தம் இருந்தது. கட்டை இறக்கி, எரித்தார்கள். ஃப்ரோம்பால்ட் எல்லாவற்றையும் எழுதி, கடைசியில் இன்னொன்றையும் சேர்த்தார்: இதில் ஏதும் பிழை நடந்திருந்தால் பழி என்னுடையதில்லை, பயத்தில் தன்வசம் இழந்த கூட்டத்துடையது. எங்கள் பக்கத்துக் கந்தோர்களில் இப்பவும் எழுதக்கூடிய வசனம். அந்த அறிக்கை அதே வருடம் யூலையில் வியன்னாவின் பத்திரிகையில் அச்சேறியது.

இதைவிடப் பெரிய கதை மெட்வெஜாவில் நடந்தது. எல்லைக் காவலுக்காக ஹைதுக் என்ற ஆயுதக்காரக் குடும்பங்களைக் குடியேற்றியிருந்த ஊர் அது. அங்கே ஆர்னோட் பாவ்லே என்ற ஹைதுக், வைக்கோல் வண்டியில் இருந்து விழுந்து கழுத்து முறிந்து செத்தார். துருக்கியர் பக்கத்துச் சேர்பியாவில் இருந்தபோது ஒரு வம்பயர் தன்னை வருத்தியதாகவும், அதன் புதைகுழி மண்ணைத் தின்று, அதன் இரத்தத்தைப் பூசித் தப்பியதாகவும் உயிரோடு இருக்கையில் அவர் சொல்லித் திரிந்தவர். செத்தபிறகு நாலுபேர் அவரால் செத்ததாக ஊர் நம்பியது. நாற்பதாம் நாள் தோண்டிக் கட்டை இறக்கியபோது பிணம் முனகியதாம்.

அந்தச் சம்பவம் நடந்து சில வருடங்கள் கழித்து, 1731 இன் கடைசியில், மெட்வெஜாவில் மறுபடியும் சாவு. மூன்று மாதத்துக்குள் பதினேழு பேர். இளம் ஆட்களும் கிழடுகளும், சிலர் இரண்டு மூன்று நாள் காய்ச்சலோடு. டிசம்பரில் கிளாசர் என்ற தொற்றுநோய் வைத்தியரை அனுப்பினார்கள். அவர் வீடு வீடாகப் போய்ப் பார்த்தார். தொற்றுநோய்க்கான அடையாளம் இல்லை, சாப்பாடு போதாது, அதோடு கிறிஸ்தவ மரபுப்படி கடும் விரதம் வேறு, அதுதான் காரணம் என்று முடிவெடுத்தார். ஊர் கேட்கவில்லை. இரவில் இரண்டு மூன்று வீட்டார் ஒரே வீட்டில் கூடி, பாதிப்பேர் நித்திரை கொள்ள மற்றப் பாதி விழித்துக் காவல் இருந்ததை அவர் கண்டார். புதைகுழிகளைத் திறக்காவிட்டால் ஊரைவிட்டுப் போகிறோம் என்ற அதே மிரட்டல் இங்கேயும். எல்லையில் ஆயுதக்காரக் கிராமம் ஒன்று காலியானால் பேரரசுக்கு என்ன நட்டம் என்று பெல்கிறேட்டில் இருந்தவர்களுக்குத் தெரியும். அறிவியல் ஆர்வத்தைவிட இந்தக் கணக்கே அவர்களை அடுத்த குழுவை அனுப்ப வைத்தது என்று நினைக்கிறேன்.

1732 ஜனவரி 7 அன்று இராணுவ வைத்தியர் யோஹான் ஃப்ளூக்கிங்கர் வந்தார். ஹைதுக் தலைவர்கள் பக்கத்தில் நிற்க, குழிகளைத் திறந்து, உடல்களை அறுத்துப் பார்த்து, ஒவ்வொன்றாகக் குறித்தார். பெயர், வயது, எந்த நோயில் எத்தனை நாளில் செத்தார், எத்தனை கிழமை மண்ணுக்குள் இருந்தார், நெஞ்சறையில் இரத்தம் திரவமாக இருந்ததா. சிலர் அழுகியிருந்தார்கள், சிலர் அழுகவில்லை. அழுகாதவர்களின் தலைகளை றோமா மக்களைக் கொண்டு வெட்டுவித்து, உடலோடு எரித்து, சாம்பலை மொறாவா ஆற்றில் கரைத்தார்கள். அழுகியிருந்தவர்கள் மறுபடி குழிக்குள் போனார்கள். ஜனவரி 26 ஆம் திகதியிட்ட அந்த அறிக்கைக்கு லத்தீனில் ‘விசும் எற் ரெப்பேர்ற்றும்’ என்று பெயர். கண்டதும் கண்டறிந்ததும் என்று சொல்லலாம். அதிகாரிகளின் கையெழுத்துகள் கீழே வரிசையாக இருக்கு.

அந்த அறிக்கையில் மிலிச்சா என்ற அறுபது வயதுப் பெண் வருகிறாள். அவளை அறிந்த ஹைதுக்குகள் ஃப்ளூக்கிங்கரிடம் சொன்னது: சீவிய காலம் முழுக்க இவள் காய்ந்து வற்றித்தான் இருந்தவள், இப்ப குழிக்குள் கிடந்து கொழுத்திருக்கிறாள். ஆச்சரியத்தோடு சொன்னார்கள் என்று அவர் எழுதுகிறார். போல் பார்பர் 1988 இல் வெளியிட்ட புத்தகத்தில் இப்படியான விவரங்களுக்கெல்லாம் விளக்கம் கொடுத்தார். உடலுக்குள் வாயு சேர்ந்து வயிறும் மார்பும் ஊதும். அந்த அழுத்தம் இரத்தம் கலந்த நீரை வாய்க்குத் தள்ளும். மேல்தோல் கழன்று கீழே புதுத்தோல் போலச் சிவந்து தெரியும். கட்டை இறக்கும்போது வாயு தொண்டை வழியாக வெளியேறினால் முனகல் கேட்கும். குளிர்கால மண்ணில் அழுகல் மெதுவாக நடக்கும். அவர்கள் பொய் சொல்லவில்லை, பார்த்ததைத்தான் சொன்னார்கள். பார்த்ததற்குக் கொடுத்த காரணம்தான் பிழை.

ஆனால் மிலிச்சா ஏன் சீவியம் முழுக்கக் காய்ந்து வற்றிக் கிடந்தாள் என்ற கேள்வி அறிக்கையில் இல்லை. கிளாசர் அந்தப் பக்கம் ஒருமுறை கைகாட்டினார். இரண்டாவது அறிக்கை அதை அப்படியே விட்டுவிட்டது. சனத்துக்குச் சோறு கொடுப்பதைவிடப் பிணத்துக்குத் தீ வைப்பது பேரரசுக்கு மலிவு.

அந்த 1732 இலேயே செய்தி லண்டன் வரை போனது. ஜெர்மன் பல்கலைக்கழக நகரங்களில் இதைப்பற்றிப் புத்தகத்துக்குமேல் புத்தகம். ஊர்ச்சனம் மட்டும் சொல்லியிருந்தால் மூடநம்பிக்கை என்று யாரும் திரும்பிப் பார்த்திருக்கமாட்டார்கள். இராணுவ வைத்தியர் அறுத்துப் பார்த்துக் கையெழுத்து வைத்ததுதான் வம்பயருக்குக் கிடைத்த பிறப்புச் சான்றிதழ். 1755 இல் ஹேர்மர்ஸ்டோர்ஃப் என்ற ஊரில் மறுபடி பிணங்களைத் தோண்டி எரித்தபோது, பேரரசி மரியா தெரேசா தன் வைத்தியர் கெரார்ட் வான் ஸ்வீற்றனிடம் அபிப்பிராயம் கேட்டார். அவர் எல்லாவற்றுக்கும் இயற்கைக் காரணம் சொன்னார். இனி இப்படியான விசயங்களில் பாதிரிமார் தாங்களாக இறங்கக்கூடாது, அரசாங்கத்துக்கு அறிவிக்கவேண்டும் என்று ஆணை வந்தது. முப்பது வருடத்துக்குள் அரசாங்கம் வம்பயருக்குச் சான்றிதழும் கொடுத்து, அதை இரத்தும் செய்துவிட்டது.

அத்திலாந்திக்கைத் தாண்டி ஒரேயொரு சாவைப் பார்த்துவிட்டுத் தொலைக்காட்சிக்கு வருகிறேன். அமெரிக்காவில் றோட் ஐலன்ட் மாநிலத்தின் எக்சிற்றர் என்ற ஊர். 1892 ஜனவரியில் மேர்சி பிரவுண் என்ற 19 வயதுப் பெண் காசநோயில் செத்தாள். தாயும் அக்காவும் முன்னமே போய்விட்டார்கள். அண்ணன் எட்வினுக்கும் அதே நோய். மார்ச் 17 அன்று ஊரார் குழிகளைத் திறந்தார்கள். மேர்சியின் இதயத்தில் இரத்தம் இருந்தது. குளிர்காலத்தில் செத்து இரண்டு மாதம், இருக்கத்தானே செய்யும். இதயத்தை எரித்த சாம்பலைக் கரைத்து எட்வினுக்குக் குடிக்கக் கொடுத்தார்கள். அவன் மே மாதம் செத்துப்போனான். காசநோய்க் கிருமியை றொபேர்ட் கொக் அறிவித்துச் சரியாகப் பத்து வருடம் ஆகியிருந்தது. கிருமியைக் கண்டாயிற்று, மருந்து கிடையாது. அந்த இடைவெளியில் ஒரு தகப்பன் என்ன செய்வான்? பத்திரிகைகளோ ஊரை நையாண்டி செய்தன. வம்பயர் என்ற சொல்லைப் பெரிதாக்கியதும் அந்தப் பத்திரிகைகள்தான்.

‘டிராகுலா’ நாவல் 1897 இல் வந்தது. அதன்பின் சினிமா. அந்தக் கதை எல்லாருக்கும் தெரியும், அதில் வம்பயர் பிரபு ஆகிவிட்டான், கிராமத்துக் காய்ச்சல் மறைந்துவிட்டது. அமெரிக்கத் தொலைக்காட்சியில் முதலில் பெரிதாக எடுபட்ட வம்பயரும் பணக்காரன்தான். டான் கேர்ட்டிஸ் தயாரித்த ‘டார்க் ஷடோஸ்’ பகல்நேரத் தொடரில் 1967 ஏப்ரலில் நுழைந்த பர்னபஸ் கொலின்ஸ். சரிந்துகொண்டிருந்த தொடரை அவன் தூக்கி நிறுத்தினான்.

அதே டான் கேர்ட்டிஸ் 1972 ஜனவரி 11 அன்று ஏபிசி அலைவரிசையில் கொடுத்த ‘தி நைட் ஸ்ரோக்கர்’ என்ற தொலைக்காட்சிப் படம்தான் வம்பயரை மறுபடி அறிக்கைக்குள் கொண்டுவந்தது. திரைக்கதை ரிச்சர்ட் மதிசன். மூலம் ஜெஃப் ரைஸ் எழுதி அப்போது அச்சாகாமல் கிடந்த நாவல். லாஸ் வேகாஸில் இளம் பெண்கள் ஒருவர்பின் ஒருவராக இரத்தம் உறிஞ்சப்பட்டுச் சாகிறார்கள். கார்ல் கொல்ஷாக் என்ற பத்திரிகைக்காரன் கசங்கிய கோட்டும் வைக்கோல் தொப்பியுமாக இதன் பின்னால் அலைகிறான். டரன் மக்கவின் நடிப்பு. வம்பயர் என்று வாய்விட்டுச் சொன்னவுடன் பொலிசும் வழக்கறிஞரும் அவனை விரட்டுகிறார்கள். சூதாட்ட நகரத்துக்குக் கெட்ட பெயர் வரக்கூடாது. சுட்டும் சாகாத ஆளைக் கண்ணால் கண்டபிறகுதான் அவன் வழிக்கு வருகிறார்கள்.

கொல்ஷாக்கே கட்டையை இறக்குகிறான். செய்தியையும் எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறான். வெளிவந்தது வேறு கதை. ஊரைவிட்டுப் போ, இல்லாட்டி கொலைக்குற்றம் என்கிறது அதிகாரம். அவன் காதலியை அதற்குமுன்பே ஊரைவிட்டு அனுப்பியாயிற்று. வம்பயரின் உடலும் செத்த பெண்களின் உடல்களும் எரிக்கப்பட்டுவிட்டன. மிச்சம் அவனுடைய குரல் பதிந்த நாடா மட்டும். இந்தக் கடைசிப் பத்து நிமிடம் படத்தில் வரும் எந்தக் கடியையும்விடப் பயங்கரம். அதுவரை வந்த தொலைக்காட்சிப் படங்களிலேயே அதிகம் பேர் பார்த்தது இதுதான் என்பார்கள். ஏழு மாதத்துக்கு முன்புதான் வியட்நாம் போர் பற்றி அரசாங்கம் மறைத்த ‘பென்டகன் ஆவணங்கள்’ பத்திரிகையில் வெளிவந்திருந்தன. ஐந்து மாதம் கழித்து வாட்டர்கேட் கட்டடத்துக்குள் திருடர்கள் பிடிபட்டார்கள். நாவலை ரைஸ் இவற்றுக்கெல்லாம் முன்பே எழுதிவிட்டார். ஆனால் பார்த்தவர்கள் அந்தக் காலத்தில் இருந்து பார்த்தார்கள்.

படத்தின் வெற்றியில் பிறந்த தொடர் 1974 செப்டெம்பர் 13 அன்று ஆரம்பித்தது. நிக்சன் பதவி விலகி ஐந்து கிழமை. அதன் நாலாவது எபிசோட் ‘தி வம்பயர்’, ஒக்டோபர் 4. வேகாஸில் செத்தவர்களில் ஒருத்தி கணக்கில் வரவில்லை. தெருவோர மண்ணுக்குள் கிடந்த அவள் எழுந்து லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் போகிறாள். எபிசோட் சுமார்தான். ஆனாலும் ஒன்று இடிக்குது: உடல்களை எல்லாம் எரித்துவிட்டோம் என்று மூடப்பட்ட கோப்பில் ஒரு பெயர் விடுபட்டிருக்கிறது. அதிகாரிகள் மறைத்த கணக்கில் பிழை இருந்ததால் இன்னும் சிலர் சாகிறார்கள். இருபது எபிசோடோடு தொடர் நின்றுபோனது.

இதைச் சின்ன வயதில் பார்த்துப் பயந்தவர் கிறிஸ் கார்ட்டர், எக்ஸ் ஃபைல்ஸை உருவாக்கியவர். கொல்ஷாக்காகவே தொடரில் வரும்படி மக்கவினைக் கேட்டார்கள், அவர் மறுத்தார். பிறகு ‘பாட் பிளட்’ வந்து ஐந்து கிழமையில், அந்த மர்மக் கோப்புகளை முதன்முதல் கையிலெடுத்த ஓய்வுபெற்ற முகவர் ஆர்தர் டேல்ஸாக வந்தார். எக்ஸ் ஃபைல்ஸின் முதலாவது வம்பயர் எபிசோட் 1994 நவம்பர் 4 இல் வந்த ‘3’. கில்லியன் அன்டர்சன் பிள்ளைப்பேற்று விடுப்பில் இருந்ததால் அதில் ஸ்கலி இல்லை. மல்டர் தனியே லாஸ் ஏஞ்சல்ஸில் திரிந்து, அழகான பெண், இருட்டு விடுதி, இரத்தம் என்று ஒரே சோகம். எடுபடாததற்குப் பலர் பல காரணம் சொல்வார்கள். என் கணக்கில் காரணம் இலேசு. மறுத்துப் பேச ஆளில்லை. ஊர்ச்சனம் இருக்கு, ஃப்ளூக்கிங்கர் இல்லை.

‘பாட் பிளட்’ அந்த இருவரையும் ஒரே அறையில் இருத்துகிறது. ஸ்கலி பிணத்தை அறுத்து, இரைப்பையில் பீட்சா, அதில் குளோரல் ஹைட்ரேட் என்ற மயக்கமருந்து என்று எழுதுகிறவள். மல்டர் பழைய கதைகளை நம்புகிறவர். வம்பயருக்கு முன்னால் விதையைக் கொட்டினால் அது எண்ணிமுடிக்காமல் நகராது என்று ஐரோப்பியக் கிராமங்களில் நம்பினார்கள். குழிக்குள் கசகசா போட்டதெல்லாம் அதற்குத்தான். மயங்கிக் கிடக்கும் மல்டர் தன் சூரியகாந்தி விதைகளைக் கீழே கொட்டுகிறார். ரொனி ‘என்னத்துக்கு இப்படிச் செய்தனீ’ என்கிற முகத்தோடு குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்குகிறான். மூன்று தடவை பார்த்தும் அந்த இடத்தில் சிரிப்பை அடக்க முடியவில்லை.

பிணவறையில் நெஞ்சுக் கட்டையைப் பிடுங்கியதும் ரொனி எழுந்து ஓடிவிடுகிறான். மல்டரும் ஸ்கலியும் திரும்ப சேனிக்கு. அங்கே அந்த ‘வடிவான’ ஷெரிஃப், ஸ்கலிக்குக் கோப்பி கொடுத்துவிட்டு, ரொனியின் நடத்தைக்காக மன்னிப்புக் கேட்கிறார். நாங்கள் வரி கட்டுகிற ஆட்கள், அக்கம்பக்கத்தோடு ஒத்துப்போகிற ஆட்கள், இந்தப் பெடியனால் எங்கள் எல்லாருக்கும் கெட்ட பெயர். அவருடைய கண் பச்சையாக மின்னுது. ஊரே அவர்கள்தான். கிசில்யெவோவிலும் மெட்வெஜாவிலும் வம்பயருக்குப் பயந்து ஊரைக் காலிசெய்வோம் என்றவர்கள் உயிரோடிருந்த சனம். சேனியில், எஃப்.பி.ஐ. வந்துவிட்டதே என்று இரவோடிரவாக வண்டிவீடுகளைக் கிளப்பிக்கொண்டு போனவர்கள் வம்பயர்கள். விடிந்து பார்த்தால் வெறும் நிலம். மல்டரும் ஸ்கலியும் காருக்குள் கிடக்கிறார்கள், சப்பாத்துக் கயிறு அவிழ்ந்து.

பிறகு இருவரும் ஸ்கின்னரின் மேசைக்கு முன்னால் இருக்கிறார்கள். பிணம் இல்லை, ஊர் இல்லை, சாட்சி இல்லை. கதை முழுவதையும் மல்டர் சொல்லி முடித்தாயிற்று. ஸ்கின்னர் ஸ்கலியைப் பார்க்கிறார். அவள் கொஞ்சம் நெளிந்து, ஏறக்குறைய இப்படித்தான் நடந்தது என்கிறாள், தன்னைப் பொறுத்தமட்டில், அந்த மயக்கமருந்து ஏறின இடம் வரைக்கும்.